மூக்கு தெரிந்தால் மந்திரம்

கண்ணுக்குத் தெரியாத ஆளைச் சபிக்க முடியுமா? தத்துவம் படித்தவர்கள் இதற்குத் தடித்த புத்தகம் எழுதுவார்கள். மெர்வின் ஸ்டேப்பிள்ஃபோர்டு முழங்காலிடுவார். கன்னத்தை மேசையில் ஒட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரல் உயர ஈய மந்திரவாதிப் பொம்மையின் முதுகுக்குப் பின்னாலிருந்து எதிரிப் படையைப் பார்ப்பார். அவர் பார்த்து முடிக்கும்வரை அவருடைய பின்புறம் தேநீருக்குப் போகும் வழியை அடைத்திருக்கும்.

நாட்டிங்ஹாமில் ஒரு தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் எங்கள் சங்கம் பொம்மைப் போர் நடத்துகிறது. மந்திரவாதி தான் பார்க்கும் எதிரியின் மேல் மட்டுமே மந்திரம் ஏவலாம் என்கிறது விதிப்புத்தகம். எவ்வளவு தெரிந்தால் பார்த்ததாகும் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டையில் மெர்வின் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறார். வாரநாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

"கொடி உடம்பில்ல. ஈட்டி உடம்பில்ல. மூக்கு தெரிஞ்சா மந்திரம், இல்லேன்னா போய் டீ குடி," என்பார்.

"வாலு?" என்று எதிராளி கேட்பார்.

"டிராகன் வாலு உடம்பு. பிசாசு வாலு அலங்காரம்."

"அது எப்படிய்யா?"

"டிராகன் வாலால அடிக்கும். பிசாசு சும்மா ஆட்டும்."

டெரன்ஸ் என்பவர் ஒருமுறை தன் மந்திரவாதியை உயரமான தக்கைப் பாறையில் ஒட்டிக்கொண்டு வந்தார், மதில்களுக்கு மேலாகப் பார்க்கலாம் என்று. "மலை உன் பெட்டியிலயே இருக்கட்டும் வாத்தே, ஆள மட்டும் அனுப்பு," என்றார் மெர்வின். இந்த ஊரில் செல்லமாக எல்லாரும் எல்லாருக்கும் வாத்துதான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அவரை அன்பானவர் என்று சொல்லமாட்டேன். சொந்த மைத்துனரின் மந்திரவாதியைக் குருடன் என்று தீர்ப்பளித்து, அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்தை இழந்தவர்.

ஈஸ்டர் கோப்பை மட்டும் ஒருமுறைகூட அவர் கைக்கு வந்ததில்லை. இந்த வருடம் இறுதி ஆட்டத்தின் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டார். எதிரே பேருந்து ஓட்டும் ஹேசல். அவளுடைய மந்திரவாதி மெர்வினின் ராஜாமேல் இடி இறக்கவேண்டும். இறங்கினால் கோப்பை அவளுக்கு. குறி தெரியவில்லை என்றால் மெர்வினுக்கு. ராஜா இடிந்த கோபுரத்துக்குப் பின்னால் நின்றார்.

அடிபடப்போகிறவரே குனிந்து பார்த்துச் சொல்லவேண்டும் என்பது எங்கள் வழக்கம். கூட ஒரு சாட்சி பார்ப்பார். ஆட்டக்காரர் தன் நன்மைக்குப் பொய் சொன்னால் மட்டும் சாட்சி வாய் திறக்கலாம். அன்று நான் சாட்சி. கோபுரத்துக்கு மேலே ராஜாவின் கிரீடத்து இறகு நுனி தெரிந்தது. மூக்கோ உடம்போ தெரியவில்லை.

ஹேசல் கோட்டில் ஒரு கையை நுழைத்துவிட்டாள். "சீக்கிரம் சொல்லு. நீ என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியும்."

மெர்வின் நெடுநேரம் மண்டியிட்டிருந்தார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்து எழுந்தார்.

"தெரியுது."

"எது தெரியுது?"

"உருட்டு வாத்தே."

என்னால் வாய் திறக்க முடியவில்லை. பொய் அவருக்கே நஷ்டம், அதனால் வழக்கம் இடம் தரவில்லை. ஹேசலின் பகடையில் ஐந்து விழுந்தது, இடி இறங்க அது போதும். ஏன்யா என்று மைத்துனர்கூடக் கேட்டார். மெர்வின் தன் ராஜாவைத் தானே எடுத்துப் பஞ்சு விரித்த பெட்டியில் படுக்கவைத்தார்.