மலை ஏறிய செடி

இந்தக் கோடையில் எங்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டுக்கும் ஏர் கூலர் வந்துவிட்டது. மின்விசிறிகூட இல்லாமல் காலம் தள்ளிய வீடு அது, நம்புவீர்களா? கூலரைப் போட்டதும் அதன் புல்தட்டியிலிருந்து கிளம்பிய ஈர வாசனையில் என் மதியத் தூக்கம் போயிற்று. அது எனக்கு ஒரு மலை உச்சியின் வாசனை.

முதல் வேலையில் நான் ஒரு தாவர ஆய்வுக் குழுவின் உதவியாளன். ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் சிக்கமகளூர்ப் பக்கம் ஒரு மலைக்குப் போவோம். அங்கே பாறை இடுக்கில் ஊதாப் பூ பூக்கும் சின்னச் செடி ஒன்று உண்டு. குளிர் இருந்தால்தான் பிழைக்கும். மலைச்சரிவில் அது எவ்வளவு கீழேவரை முளைத்திருக்கிறது என்று தேடி, கடைசிச் செடிக்குப் பக்கத்துப் பாறையில் சிவப்புப் பெயிண்ட் அடிப்போம். மறு ஆண்டு போனால் அந்த இடத்தில் செடி இருக்காது. கீழே சூடு கூடக் கூட, மேலே போய் விழுந்த விதைதான் பிழைத்தது. இன்னும் ஏறித்தான் தேட வேண்டும். செடிக்கென்ன, முழங்காலா வலிக்கிறது என்று நான் சலித்துக்கொள்வேன். அப்போது என் கவலை அவ்வளவுதான்.

கூட வேலை பார்த்த ஸ்டெல்லா கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தை மூடியதும் குடும்பம் பெங்களூர் நீலசந்திராவுக்கு வந்துவிட்டது. ஓர் ஆண்டு உச்சியில் மட்டும்தான் செடி மிஞ்சியிருந்தது. அவள் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"சுரங்கம் மூடுனப்ப எங்களுக்கு பெங்களூருக்கு ட்ரெயின் இருந்துச்சு. இதுங்க எங்க போவும்?"

அன்று சாப்பாட்டு டப்பாவில் மண்ணோடு ஒரு செடியைக் கொண்டுவந்துவிட்டாள். அப்படிச் செய்யக் கூடாதென்று எல்லோருக்கும் தெரியும். யாரும் தடுக்கவில்லை. காலையில் மொட்டை மாடி, வெயில் ஏறியதும் ஃப்ரிட்ஜ் என்று அதைக் குழந்தைபோல வளர்த்தாள். இட்லி மாவுக்குப் பக்கத்தில் மண்ணா என்று அவள் அம்மா திட்டித் தீர்த்தாராம். நாங்களும் கேலி செய்தோம். ஆனால் தினமும் ஆபீசில் முதல் விசாரிப்பு அதைப் பற்றித்தான். ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் விசாரிக்கவில்லை.

பிறகு குழு கலைந்து ஆளுக்கொரு திசையில் போய்விட்டோம். போன மழைக்குப் பிறகு ஸ்டெல்லா மட்டும் அந்த மலைக்குப் போயிருக்கிறாள். உச்சியிலிருந்து வீடியோ கால் செய்தாள். ஒரு காலத்தில் அடிவாரத்தில் மட்டும் பார்த்த புல் அங்கே இடுப்பளவு நின்றது. அதை விலக்கி விலக்கிப் பாறை இடுக்குகளைக் காட்டினாள். நல்லாப் பாரு என்றேன்.

"காலையிலேர்ந்து அதத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்."

பிறகு ஃபோனைத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். எல்லாப் பக்கமும் இறக்கம்தான் இருந்தது.