குவைத்துக்குக் குரலில் போன பத்திரிகை

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிடிபி கடையில் வேலை செய்கிறேன். கல்யாண விவரத்தை ஒருமுறை அடித்துவிட்டால், அதிலிருந்தே கார்டு, ஃப்ளெக்ஸ் பேனர், வாட்ஸ்அப் படம் மூன்றும் எடுத்துவிடலாம். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. தனியாக வாழும் எனக்கு அது வசதியாகவே இருந்தது.

செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்கு மூன்றையும் வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றார்.

"எங்க அக்கா குவைத்துல வூட்டு வேல பாக்குதுங்க. பத்திரிகையில தம் பேர விட்டுட்டோம்னு கோவமா இருக்குது. அதுக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. பொண்ணு தன் கல்யாணத்தத் தானே படிக்க வெக்கப்படுது. நீங்க வாசிச்சு வாட்ஸ்அப்புல குரலா அனுப்புங்களேன்."

"எனக்கும் கூச்சமா இருக்குதுங்க."

"கூச்சப்பட நீங்களா மாப்ள? படிங்க!"

போனை நீட்டினார். குரல் நடுங்க முழுவதையும் வாசித்தேன். அழைப்பவர்கள் வரிசையில், பெரியம்மா அஞ்சலை என்று அக்காவின் பெயர் இருந்தது.

சிறிது நேரத்தில் அழுகையோடு பதில் குரல் வந்தது. "தம்பி, நீங்க யாருன்னு தெரியல. என் பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொருவாட்டி படிங்க. இங்க என்ன யாரும் பேரு சொல்லிக் கூப்புடறதில்ல."

இந்த முறை குரல் நடுங்கவில்லை. நிறுத்தி, நிதானமாகப் படித்து அனுப்பினேன்.

அந்த அம்மா போன பிறகு வேலை ஓடவில்லை. ஆயிரம் பேரின் பெயர்களை அடித்திருக்கிறேன். கடையில் என்னை 'டிடிபிக்காரரே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைசியாக என்னைப் பெயர் சொல்லி அழைத்தது யாரென்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.