துடைக்காத தகடு

எங்கள் பேட்டரி ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு கூலூம்மானி வந்திருக்கிறது. எவ்வளவு மின்னூட்டம் கடந்தது என்பதைத் திரையில் அதுவே எண்ணிக் காட்டிவிடும். இன்று காலை அந்தத் திரையைத் துடைக்க ஸ்பிரிட் புட்டியைத் திறந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும், நினைவில் நான் படித்த சேலத்துக் கல்லூரி வேதியியல் கூடத்தில் நின்றேன்.

அங்கே கூலூம்மானி என்றால் ஒரு கண்ணாடி ஜாடி, நீலமாய்க் காப்பர் சல்பேட் கரைசல், இரண்டு செம்புத் தகடுகள். மின்சாரம் ஓட ஓட ஒரு தகட்டில் செம்பு படியும். படிந்த எடையை வைத்து, ஓடிய மின்னூட்டத்தைக் கணக்கிட வேண்டும். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சிரித்தார். கொலுசுக்கு வெள்ளி முலாம் பூசுவதுதான் எங்கள் பிழைப்பு.

“இதப் பாக்கவா சாமி காலேஜு? உங்கப்பா நம்மூட்டுலயே தெனமும் பண்றாரே.”

“அப்பா எவ்வளவு ஒட்டுச்சுன்னு பாப்பாரு. நான் எவ்வளவு கரண்டு ஓடுச்சுன்னு பாப்பேன்.”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கொஞ்சம் திமிர் உண்டு. இப்போதும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் செய்முறைத் தேர்வில் எனக்கு அந்த ஜாடிதான் வந்தது. மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. இதில் தவறினால் அது போய்விடும். அதே சோதனையைச் செய்த மற்ற மூவரும் தகட்டைக் கழுவி, துணியால் அழுத்தித் துடைத்தார்கள். முலாம் ஈரமாக இருக்கையில் துணி வைப்பது எங்கள் வீட்டில் நடக்காது. புதுப் பூச்சு உதிரும். நான் தண்ணீரில் முக்கி, சீக்கிரம் காய ஸ்பிரிட்டில் முக்கி, ஓரத்தைப் பிடித்து மின்விசிறிக்கு நேரே காட்டினேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் விடைத்தாளைப் பார்த்ததும் நின்றார். “மூணு பேருக்கும் எடை கம்மி. உனக்கு மட்டும் ஏம்மா கூட? ஈரத்தோட நிறுத்துட்டியா?”

“இல்லைங்க சார். அரை மணி கழிச்சு நீங்களே நிறுத்துப் பாருங்க. ஈரம்னா காஞ்சு குறையும்.”

“குறைஞ்சா?”

“ஃபெயில் போட்டுருங்க.”

தகட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அரை மணி கழித்து நிறுத்தார். அதே எடை. அம்மீட்டர் அளவையும் நேரத்தையும் பெருக்கிப் பார்த்தார். என் விடையோடு பொருந்தியது.

“அப்ப இவங்க செம்பு எங்க போச்சு?”

அவர்கள் துடைத்த துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினேன். சிவப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்து, மூவரையும் மறுபடி செய்யச் சொன்னார். எனக்கு முழு மதிப்பெண் போட்டார்.

“முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதாடி?” என்றாள் பக்கத்து ஜாடிக்காரி.

“பரீட்சையில பேசக் கூடாதுடி.”

அந்த ஜாடிகள் இப்போது அங்கே இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட தராசும் போய்விட்டது. ஈரத்தோடு நிறுத்தாயா என்று என்னைக் கேட்கவும் ஆளில்லை. திரை காட்டும் எண்ணில் சந்தேகம் வந்தால், இங்கே எல்லோரும் என் மேசைக்குத்தான் வருகிறார்கள்.