ஒரு வீட்டில் பதினொரு வாக்கு

அம்மா காலமான முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி மாமா கேட்டார். பிறந்த ஊர், பெற்றோர், படித்த பாடசாலை, மணம் முடித்த ஆண்டு எல்லாவற்றையும் அவரே முதற் பக்கத்தில் எழுதிவிட்டார். அவற்றில் பிழை இல்லை. நான் கணினி வலையமைப்பு வேலை செய்பவள். எழுத்து என் தொழில் அல்ல. அம்மா செய்த ஒரு காரியத்தை மட்டும் நடந்தபடி எழுதுகிறேன். அதில் மாமாவும் வருகிறார். கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

அம்மாவின் பெயர் றஞ்சிதம் நமசிவாயம். 1996இல் வடமராட்சியிலிருந்து அப்பாவோடும் என்னோடும் கொழும்புக்கு வந்தார். அப்பா 2004இல் தவறிப்போனார். அம்மா புதுக்கடையில் ஒரு நொத்தாரிசு சட்டத்தரணியிடம் தமிழ்த் தட்டச்சாளராக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். அங்கே ஒரு காணி உறுதியைத் தட்டெழுதி முடித்ததும் ஒருவர் மூலப் பிரதியை உரக்க வாசிப்பார், மற்றவர் புதுப் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே வருவார். கமாவைக்கூட "கமா" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அம்மா இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். என் பரீட்சைப் பெறுபேறு, தண்ணீர்ப் பில், கல்யாண அழைப்பிதழ் எல்லாம் எங்கள் வீட்டில் இரண்டு பேராகத்தான் வாசிக்கப்பட்டன. ஒருவர் கண்ணை நம்பக்கூடாது என்பார்.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வீடு நாலு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மேலே அம்மாவும் நானும். எங்களுக்கு எதிரே முச்சக்கரவண்டி ஓட்டும் ஜனாவும் மனைவியும். கீழே முன்பக்கம் றோஸி அக்கா குடும்பம், நாலு பேர்; அவருடைய கணவருக்குப் பேலியகொடை மீன் சந்தையில் வேலை. பின்பக்கம் ஒரு தாயும் மகனும் மருமகளும். வயதுக்கு வந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர்.

2023 தொடக்கத்தில் உள்ளூராட்சித் தேர்தல் வருவதாக இருந்தது. பிறகு அது நடக்கவில்லை. ஆனால் வேட்பாளர்கள் வந்து போனார்கள். ஒரு ஞாயிறு காலை ஒருவர் ஆட்களோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்குள் போய்த் தேநீர் குடித்தார். எதிர்வீட்டு ஆச்சியின் கையைப் பிடித்துக் கதைத்தார். எங்கள் வாசலில் நிற்கவில்லை. அம்மா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். எங்கள் ஒழுங்கையின் கழிவுநீர்க் காணில் ஆறு மாதமாகத் தண்ணீர் ஓடாததைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவர் அவர்.

வேட்பாளர் நல்ல மனிதர். கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு மரியாதையாகச் சொன்னார்:

"அன்ரி, இந்த வீட்டுல ரெண்டு வோட்டுத்தானே. அவங்களும் இங்க இல்லையே."

அந்த இரண்டு வாக்கும் வீட்டுக்காரர் சத்தியநாராயணனுக்கும் அவர் மனைவிக்கும் உரியவை. அவர்கள் ஹெந்தளையில் குடியிருக்கிறார்கள். எங்கள் பதினொரு பேரில் ஒருவர் பெயரும் அந்த வட்டாரத்து வாக்காளர் இடாப்பில் இல்லை.

அம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தனக்கு ஊரில் வாக்கு இருந்ததை அவர் அறிவார். மாமா தன் வீட்டு வாக்காளர் பதிவுப் படிவத்தில் தங்கச்சியின் பெயரை ஆண்டுதோறும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் பலர் செய்வதுதான் இது. கொழும்பில் இருபது முப்பது வருடம் வாழ்வார்கள், பெயரை ஊரில் விட்டுவைப்பார்கள். பெயரை எடுத்தால் காணிக்குப் பிரச்சினை வரும் என்பார்கள். மாவட்டத்தில் வாக்காளர் குறைந்தால் பாராளுமன்ற ஆசனமும் குறையும் என்பார்கள். இரண்டாவது உண்மை. முதலாவது உண்மையில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். அவ்வளவு உறுதி தட்டெழுதியவர். தெரிந்துகொண்டும் இருபத்தேழு வருடம் பெயரை மாற்றவில்லை. வாக்களிக்க ஊருக்குப் போனது இரண்டே இரண்டு முறை.

அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி ஒன்று வீட்டில் இருந்தது. அன்று பின்னேரம் என்னை வாசிக்கச் சொன்னார். நாலாம் உறுப்புரை. மக்களின் வாக்குரிமை பற்றியது. பதினெட்டு வயதான பிரசை என்பதோடு நிற்கவில்லை. பெயர் இடாப்பில் பதியப்பட்டிருக்கவும் வேண்டும் என்று அந்த வசனம் முடிகிறது. அம்மா விரலை அந்த இடத்தில் வைத்தார். இன்னொருக்கா வாசி என்றார். வாசித்தேன்.

"உரிமை எல்லாம் தந்திருக்கு. கடைசியில ஒரு லிஸ்ற்றில கொண்டுபோய்க் கட்டியிருக்கு. நாங்கள் அதைப் பார்க்காமல் இருந்திட்டம்," என்றார்.

அதிலிருந்து அவருக்கு ஒரே வேலை. இடாப்பின் அடுத்த வருடாந்த மீளாய்வு முடிவதற்குள் பதினொரு பெயரும் அதில் ஏற வேண்டும்.

முதலில் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். பெயரை ஊரில் வெட்டச் சொன்னார். இப்போது எல்லாம் கணினியில் இருக்கிறது, ஒரே அடையாள அட்டை இலக்கம் இரண்டு இடத்தில் இருந்தால் தெரிந்துவிடும் என்று விளக்கினார். மாமா ஆசனக் கணக்கைத் தொடங்கினார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, நான் வராத தேர்தலில என்ர வோட்டை ஆரோ போட்டதாம். உண்மையோ?"

மாமா ஆசனக் கணக்கை விட்டுவிட்டார். பிறகு, "வீணாப் போக விடேல்லை, பிள்ளை," என்றார்.

"அப்ப எனக்கு இஞ்ச ஒண்டு வேணும். நானே போடப்போறன்."

அந்தக் கிழமையே மாமா பெயரை வெட்டக் கொடுத்துவிட்டார். அதற்காக அவருக்கு இந்த மலரிலேயே நன்றி சொல்கிறேன்.

அடுத்தது வீட்டுக்காரர். படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் அவர். நாங்கள் பஸ் ஏறி ஹெந்தளைக்குப் போனோம். சத்தியநாராயணன் புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்பவர். வாடகைக்கு இருப்பவர்களை மரியாதையாக நடத்துவார். ஆனால் இந்த விடயத்தில் அசையவில்லை. குடியிருப்பவர்கள் பெயர் இடாப்பில் ஏறினால் வீடு அவர்களுக்குப் போய்விடும் என்று அவருடைய தகப்பன் சொல்லிவிட்டுச் செத்தாராம். அப்படிச் சட்டம் இல்லை என்று அம்மா சொன்னார். அவர் தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை.

அம்மா பைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். வாக்காளராகப் பதிவதை வைத்து இந்த வீட்டில் எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று நாலு குடும்பமும் ஒப்பமிட்டது. நொத்தாரிசுக் கந்தோர் நடையிலேயே தட்டெழுதியிருந்தார். வீட்டுக்காரர் இரண்டு தரம் வாசித்தார்.

"இவ்வளவு எதுக்கும்மா?" என்றார்.

"நீங்கள் ஹெந்தளையில இருந்துகொண்டு கொட்டாஞ்சேனையில வோட்டுப் போடுறியள். நாங்கள் கொட்டாஞ்சேனையில இருந்துகொண்டு ஒரு இடத்திலயும் போடேல்லை. ஆர் ஆரிட்டக் கடிதம் கேக்கவேணும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

அவர் சிரித்துவிட்டார். "உங்ககிட்ட வாய் குடுக்க ஏலாது," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்திடச் சம்மதித்தார். கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். திரும்பும் வழியில் அப்படி ஒரு கடிதம் தேவையா என்று கேட்டேன். சட்டத்துக்குத் தேவையில்லை, அந்த மனுசனுக்கு நித்திரை வரவேணும் என்றார் அம்மா.

படிவம் வந்தது. பதினொரு பெயர், பதினொரு அடையாள அட்டை இலக்கம். நான் வாசித்தேன், அம்மா விரல் வைத்தார். மறுநாள் கிராம உத்தியோகத்தரிடம் கொடுப்பதாக இருந்தது.

அன்று பின்னேரம் ஒரு குரல் செய்தி வந்தது. யாருடைய குரல் என்று தெரியாது. நல்ல தமிழ், பதற்றமான குரல். கொழும்பில் வாடகைக்கு இருக்கும் தமிழர்களின் விபரம் வாக்காளர் பதிவு என்ற பெயரில் எடுக்கப்பட்டுப் பொலிசுக்குப் போகிறது, யாரும் பெயர் கொடுக்க வேண்டாம் என்றது. ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கள் வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிக்கும் அது வந்துவிட்டது. நான் தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தைத் திறந்து காட்டினேன். அந்தச் செய்தி பலதடவை கைமாறி வந்தது என்ற அடையாளத்தையும் காட்டினேன். நான் சொன்னது முழுவதும் சரி. ஒருவரும் கேட்கவில்லை.

மூன்று குடும்பமும் எங்கள் அறைக்கு வந்துவிட்டது. றோஸி அக்கா நேராகவே சொன்னார்: "அன்ரி, காண் அடைச்சாப் பரவாயில்ல. எங்கட பேரை எடுத்துருங்க."

அம்மா அலுமாரியிலிருந்து பழைய ஆவணக் கோவை ஒன்றைக் கொண்டுவந்தார். யுத்த காலத்தில் தமிழர் குடியிருந்த வீடுகளுக்குப் பொலிசார் கொடுத்த விபரப் படிவங்களின் பிரதிகள். யார் இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், எதற்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் நிரப்பப்பட்டவற்றை எல்லாம் பிரதி எடுத்து வைத்திருந்தார். என் பெயர் ஒன்றில் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதையும் புதுப் படிவத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பயம் பிழையெண்டு நான் சொல்லமாட்டன். இது அவங்கள் வந்து எங்களிட்டக் கேட்ட லிஸ்ற். இது நாங்கள் போய் அவங்களிட்டக் கேக்கிற லிஸ்ற். இதில பேர் இல்லாட்டி, நாளைக்கு ஆரும் வந்து மற்ற லிஸ்ற்றைக் கேட்டாலும், வேண்டாம் எண்டு சொல்ல எங்கட வோட்டில போன ஒரு ஆள் இல்லை."

றோஸி அக்கா இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கணவரைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்," என்றார் கணவர். கீழே பின்பக்கத்துத் தாயும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அவர் வேண்டாம் என்றால் சத்தமாகத்தான் சொல்வார்.

ஜனா போகவில்லை. 2008இல் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தபோது அவனைப் பொலிசார் கொண்டுபோனார்கள். பதினேழு நாள் வைத்திருந்தார்கள்.

"அன்ரி, லொட்ஜ்காரன் என்ர பேரை லிஸ்ற்றில குடுத்தவன். அதை வச்சுத்தான் பேரைச் சத்தமா வாசிச்சுக் கூப்பிட்டவங்கள். நீங்கள் சொல்லுறது விளங்குது. எனக்கு ஏலாது."

தன் மனைவியின் பெயர் படிவத்தில் இருக்கட்டும் என்றும் சொன்னான். அம்மா வற்புறுத்துவார் என்று நினைத்தேன். அவர் அடிமட்டத்தை எடுத்து, ஜனாவின் பெயருக்கு மேல் ஒரே கோடு போட்டார்.

"நீ ஓம் எண்டாமல் நான் வைச்சா, லொட்ஜ்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றார்.

படிவம் பத்துப் பெயரோடு போனது. அம்மா அதற்குப் பிறகு ஜனாவிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எனக்குக் கவலையாக இருந்தது. ஒரு தரம் நானே அவனிடம் கேட்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

சில மாதங்களின் பின் இடாப்பின் வரைவைக் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் பார்வைக்கு வைத்தார்கள். விடுபட்டவர்கள் கோரிக்கை கொடுக்கலாம். நாங்கள் இருவரும் போய் உரக்க வாசித்து ஒப்புப் பார்த்தோம். பத்தும் இருந்தன. கிராம உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண். எங்கள் வாசிப்பைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, உங்கள் வீட்டிலிருந்து இன்னும் ஒருவர் முந்தாநாள் வந்து போனாரே என்றார். முச்சக்கரவண்டிக்காரர். வெளியில் அரை மணித்தியாலம் வண்டிக்குள்ளேயே இருந்துவிட்டு, அலுவலகம் மூடும் நேரத்தில் உள்ளே வந்து கோரிக்கைப் படிவத்தைத் தானே நிரப்பிக் கொடுத்தாராம். கேட்காமலே அடையாள அட்டையை நீட்டினாராம்.

அம்மா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். மதிற்கரையில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  வீட்டுக்கு வந்தும் ஜனாவிடம் கேட்கவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். அவன் சொல்லவேயில்லை.

2024 செப்ரெம்பரில் ஜனாதிபதித் தேர்தல். அம்மாவுக்கு அப்போதே இருதய வருத்தம் தொடங்கியிருந்தது. வாக்களிப்பு நிலையமான பாடசாலை நடந்துபோகிற தூரம்தான், ஆனாலும் ஜனா வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். மற்றவர்கள் நடந்து வந்தார்கள். றோஸி அக்கா தேவாலயத்துக்குப் போகும் சேலை கட்டியிருந்தார். வரிசையில் பதினொரு பேரும் ஒன்றாக நின்றோம். வாசலில் ஒரு பொலிஸ்காரர். ஜனா அவரைக் கண்டதும் அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றான்.

பொலிஸ்காரர் எங்களை நோக்கி நடந்து வந்தார். ஜனா அடையாள அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டான். அவர் அதைப் பார்க்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து வைத்து, "தம்பி, அம்மாவை இதில் இருத்து, நிற்க வேண்டாம்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அம்மா கதிரையில் இருக்கவில்லை. வரிசையில் நின்றே உள்ளே போனார். அவருக்குப் பிறகு ஜனா போனான். மேசையில் இருந்தவர் அவனுடைய பெயரை இடாப்பில் தேடி, அந்த அறை முழுக்கக் கேட்கும்படி உரக்க வாசித்தார். "ஓம்," என்றான் ஜனா.