கோர்வையில் தெரிந்த கை

ஐயம்பேட்டை நெசவாளர் ஒருவர் தன் முதலாளியைப் பற்றி எனக்குத் தகவல் தர ஒப்புக்கொண்டார். போலி ஜரிகையைக் கொடுத்து நெய்யச் சொல்லி, அசல் என்று கடையில் விற்கிறார்கள். சொன்னது யார் என்று தெரிந்தால் அவருக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல், கொடுக்க ஊரில் எந்த முதலாளியும் இருக்கமாட்டார். பாவு இல்லாவிட்டால் தறி நிற்கும். நிருபரான நான் அவரை மறைக்க வேண்டும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடையில், அனுப்புகிறவர் யார் என்று காட்டாத மென்பொருளை அவர் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தேன்.

"இத யாரு சார் செய்யறது?"

"ஒரு அமைப்பு. அமெரிக்க அரசாங்கமும் காசு குடுத்திருக்கு."

"கவர்மென்ட்டா? இன்னா சார், திருடன் கடையிலயே பூட்டு வாங்கிக்கினு வந்துக்கீறீங்க!"

"அந்த மென்பொருளுக்குள்ள எழுதியிருக்கிற புரோகிராம எல்லாம் வெளியில வெச்சிருக்காங்க. யாரு வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாம்."

"நீங்க படிச்சீங்களா?"

"எனக்குப் புரியாது. படிச்சவங்க இருக்காங்க."

டீயைக் குடித்து முடித்தார். "சரி, உங்கள நம்பறேன்."

அந்த மென்பொருள் வழியாக அவர் எடுத்த படம் வந்தது. பாதி நெய்த சேலையின் மேல் போலி ஜரிகை டப்பா, லேபிள் தெளிவாக. படத்தோடு ஒட்டிவரும் நாள், இடம், கைப்பேசி விவரங்களை நீக்கினேன். செய்தி படத்தோடு வெளியானது. கடையின் பெயரைப் போடவில்லை.

மறுநாள் முதலாளி என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை. நாளிதழை விரித்து, டப்பாவுக்குக் கீழே சேலையின் உடலும் கரையும் பல் பல்லாகச் சேரும் கோர்வையில் விரலை வைத்தார்.

"இந்தப் பல்லு யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியாதாபா? எத்தினி வருசமா நான் குடுக்கற பாவுலதான் நெய்றான்."

இந்த ஊரில் கோர்வையைப் பார்த்தே ஆளைச் சொல்வார்கள். அது எனக்கும் தெரியும், நெசவாளருக்கும் தெரியும். ஆனால் அன்று டீக்கடையில் நாங்கள் அமெரிக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பாவு நின்றது. மற்ற முதலாளிகளும் கொடுக்கவில்லை. இப்போது நெசவாளர் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். நிறுத்தத்தில் ஒரு நாள் பார்த்தேன்.

"அன்னிக்கே சொன்னேனே சார், கவர்மென்ட் காசுன்னு."

முதலாளி விரல் வைத்த இடத்தைச் சொன்னேன்.

"என் கோர்வையா? அதெல்லாம் உங்ககிட்ட சும்மா சொல்றான். அமெரிக்காக்காரன்தான் போட்டுக் குடுத்துட்டான்."

பஸ் வந்தது, ஏறினார். தெருவிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஐயம்பேட்டையிலிருந்து எனக்கு இப்போது யாரும் படம் அனுப்புவதில்லை. போலி ஜரிகைச் சேலை அதே கடையில் விற்கிறது.