நடுக்கம் அப்பாவின் கையில் இல்லை

அப்பா கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த ஒரு வீடியோவைத் தம்பி அனுப்பியிருந்தான். காரின் ஸ்டீயரிங்கும் அதைப் பிடித்திருக்கும் அப்பாவின் இரண்டு கைகளும் மட்டும்தான் அதில் தெரிந்தன. கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்து முடிப்பதற்குள் அவனே போனில் வந்துவிட்டான்.

"அப்பாவுக்குக் கை நடுங்குதுங்க்கா. இனி வண்டி வேண்டாமுங்க்கா. சாவிய வாங்கி வெச்சுப்போட்டேன்."

எனக்கு வந்தது கோபம்தான். வருத்தம் அப்புறம்தான் வந்தது. அன்னூருக்குப் பக்கத்தில் தோட்டத்தில் தம்பி குடும்பத்தோடு அப்பா இருக்கிறார். நான் துடியலூரில் இருக்கிறேன். சனிக்கிழமையானால் முருங்கைக்காய், கீரை, ஒரு கேன் பால் எல்லாம் ஏற்றிக்கொண்டு அந்தப் பழைய காரில் தனியாகக் கிளம்பிவிடுவார். அன்னூர் பேக்கரியில் நண்பர்களோடு டீ குடித்து, அரசியல் பேசி, ஊர் வம்பு எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் என் வீட்டுக்கு வருவார். வாரம் முழுக்க அவர் காத்திருப்பது அந்த ஒரு நாளுக்காக. சாவியை வாங்கி வைத்தால் போவது கார் மட்டுமா?

அந்தக் கார், கல்லூரியில் படிக்கும் என் மகனைவிட மூத்தது. கொஞ்ச நாளாக வேகம் எடுத்தால் ஸ்டீயரிங் உதறுகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டேதான் இருந்தார். டயர் கடையில் வீல் பேலன்ஸ் பார்த்தார்கள். அலைன்மென்ட் பார்த்தார்கள். எல்லாம் சரி என்று மெஷின் சொல்லிவிட்டது. கடைக்காரர் அன்னூர் கடைவீதிக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி நல்லா இருக்குதுங்க என்று அனுப்பிவிட்டார். அந்தக் கூட்டத்தில் யார் ஓட்டினாலும் மாட்டுவண்டி வேகம்தான். எந்த வண்டியும் உதறாது. வண்டி சரியென்றால் தப்பு எங்கே? ஓட்டுகிறவரிடம். தம்பி போட்ட கணக்கு இது. உதறல் வந்தபிறகு அவன் அந்தக் காரை ஒரு நாளும் ஓட்டிப் பார்த்ததில்லை. புதுக்கார் வாங்கியதிலிருந்து பழையதின் ஸ்டீயரிங்கைத் தொடுவதே இல்லை.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டு வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பம்புக்கு உதிரிப்பாகம் செய்யும் கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறேன். சுற்றுகிற பொருள் நேராகச் சுற்றுகிறதா, ஆடிக்கொண்டு சுற்றுகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வீடியோவில் எஞ்சின் சத்தம் ஏறினால் கை ஆடுகிறது. சத்தம் இறங்கினால் அடங்கிவிடுகிறது. இரண்டு கையும் ஒரே தாளத்தில் ஆடுகின்றன. வயதால் வரும் நடுக்கத்துக்கு வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறதென்று எப்படித் தெரியும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டேன். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தார்கள். டம்ளரை எடுத்தவர், குடிக்காமல் தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் ஆடவே இல்லை. அப்படியும் அவர் பார்வையை எடுக்கவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சட்டென்று கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். ஊரே சேர்ந்து சொன்னாலும் தன்மேல் தப்பென்று ஒப்புக்கொள்ளாத மனிதர் அவர். சொந்தக் கையையே சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டாரே.

தம்பியிடம் சாவியைக் கேட்டு வாங்கினேன். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காரை அவிநாசி ரோட்டுக்கு விட்டேன். மெதுவாகப் போகும்வரை ஒன்றுமில்லை. வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது, முழங்கைவரை வந்தது. வண்டியை ஓரம்கட்டி அவனை ஓட்டச் சொன்னேன். கொஞ்ச தூரம் ஓட்டியவன் வேகத்தைக் குறைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தான். "உனக்கும் வயசாயிருச்சாட்ட இருக்குது" என்றேன். அவன் வண்டியைத் திருப்பினான். பாவம், அவனும் அப்பாவுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதென்று பயந்துதான் சாவியை எடுத்திருந்தான்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினேன். மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், பேரிங்கில் ஆட்டம் இல்லை. இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன், ஸ்டீயரிங் இணைப்புகளிலும் இல்லை. பையிலிருந்து என் டயல் கேஜை எடுத்தேன். முடி அளவு ஆட்டத்தையும் முள் காட்டிக்கொடுத்துவிடும். அதை நிறுத்த ஸ்டாண்டின் காந்தம் ஒட்ட ஏதாவது வேண்டுமே. மோட்டார் ரூமில் கிடந்த பழைய பம்பு ஒன்றைத் தம்பி தூக்கிக்கொண்டு வந்து வைத்தான். கேஜின் முனையை ரிம்மின் ஓரத்தில் தொடவைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றினேன். முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது.

சக்கரத்தைக் கழற்றிவிட்டு டிக்கியில் இருந்த ஸ்டெப்னியை அதே இடத்தில் மாட்டிச் சுற்றினேன். முள் அசையவே இல்லை. அப்படியென்றால் வண்டியில் குறை இல்லை, கழற்றிய சக்கரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஸ்டெப்னி துருவேறிக் கிடந்தது. மற்றது முன்னும் பின்னும் வெள்ளி மாதிரி பளபளத்தது.

"இதுக்கு எப்பங்ப்பா பெயிண்ட் அடிச்சீங்க?" என்று கேட்டேன். ஆயுத பூஜைக்கு என்றார். உதறல் எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவர் சக்கரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை வந்துவிட்டால் கண்ணில் படுகிற இரும்பு எதுவும் தப்பிக்க முடியாது. மோட்டார், மண்வெட்டி, கேட், கிணற்றுப் பைப், எல்லாவற்றுக்கும் பெயிண்ட் உண்டு. கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சில்வர் பெயிண்டை வீணாக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. நான்கு சக்கரத்தையும் கழற்றிச் சுவரில் மாட்டித் தீட்டியிருக்கிறார். வெளியே தெரிகிற பக்கம் மட்டும் அடிக்க அவர் என்ன சோம்பேறியா? பின்பக்கமும் நன்றாகக் குழைத்து அடித்துவிட்டார். பெயிண்ட் தீர்ந்துபோனதால் ஸ்டெப்னி மட்டும் தப்பித்தது. சுவரில் தொங்கியபோது பெயிண்ட் வழிந்து, சக்கரம் வண்டியோடு ஒட்டி உட்காரும் நடுப்பகுதியில் ஒரு பக்கமாகக் கட்டிகட்டியாகக் காய்ந்திருந்தது. அதன்மேல் நட்டை முறுக்கினால் சக்கரம் சாய்ந்துதானே உட்காரும்? கடை மெஷினில் நடு ஓட்டையைப் பிடித்துச் சக்கரத்தை மாட்டுவார்கள். அங்கே அது ஒழுங்காகச் சுற்றியதில் ஆச்சரியம் இல்லை.

சுரண்டியும் எமரித் தாளும் வைத்துக்கொண்டு நானும் தம்பியும் நான்கு சக்கரத்திலும் உட்காரும் இடத்தை இரும்பு தெரியத் தேய்த்தோம். திரும்ப மாட்டி, எதிரெதிர் நட்டாகப் பார்த்து முறுக்கினேன். முன்சக்கரத்தைச் சுற்றினேன். முள் நின்ற இடத்திலேயே நின்றது. தம்பி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை, எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எத்தனையோ ஷாஃப்ட்டுகளை அளந்து பார்த்து அனுப்பியிருக்கிறேன். அவை எங்கே போய் யாருக்கு ஓடுகின்றன என்று எனக்குத் தெரியாது. இது யாருக்காக ஓடப்போகிறது என்று தெரியும்.

அப்பா அதுவரை ஓரமாகவே நின்றிருந்தார். பக்கத்தில் வந்து, தம்பி காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டார்.

"அப்ப என்ற கை நல்லாத்தான் இருக்குதா, கண்ணு?"

"உங்க கைக்கு ஒண்ணுமே இல்லீங்ப்பா" என்றேன்.

தம்பி தானாகவே சாவியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். சட்டை மாற்றிக்கொண்டு வந்து அப்பா வண்டியை எடுத்தார். நான் முன்னால், தம்பி பின்னால். அவிநாசி ரோட்டில் நல்ல வேகம் போனார். ஸ்டீயரிங் அவர் கையில் அசையாமல் இருந்தது. திரும்பும்போது வீட்டுக்கு விடுவார் என்று பார்த்தால் நேரே பேக்கரிக்கு விட்டார்.

சினேகிதர்கள் இருந்தார்கள். அப்பா கை நடுங்குகிற கதை அவர்களுக்கும் எட்டியிருந்தது போல. வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி, வண்டிக்கு என்னதாங்க கோளாறு என்று கேட்டார். டயர் கடைக்காரன் மேல் பழியைப் போடுவார், இல்லாவிட்டால் ரோட்டின் மேல் போடுவார் என்று நினைத்து நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பேக்கரியில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பெயிண்ட் அடிச்சு வண்டியக் கெடுத்துப்போட்டது நானுங்க. கண்டுபுடிச்சது என்ற பொண்ணுதானுங்க."

தன் தப்பென்று அப்பா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் அவர் பெருமையாகத்தான் சொன்னார்.