கள்ளிக்குப்பம் மண்பள்ளத்தில் மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும்

மீன்கொத்திக்கும் பஞ்சுருட்டானுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகத்துக்கு வருகிறது. அப்போது நான் பாடியில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். உதிரிப் பாகத்தைக் கையில் எடுத்ததுமே பாஸா ரிஜெக்டா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

காலை ஆறு மணிக்கு சைக்கிளில் கிளம்பினேன். அம்பத்தூர் வழியாகக் கள்ளிக்குப்பம் சுமார் எட்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். வழியில் டீயும் பன்னும் ஒன்றரை ரூபாய். ஊரைத் தாண்டியதும் மண் வெட்டி எடுத்த பெரிய பள்ளம் ஒன்று இருந்தது. அதன் இரண்டு பக்கச் சுவர்களிலும் பொந்துகள்.

கிழக்குச் சுவரில் வெண்மார்பு மீன்கொத்தி. நீல முதுகு, சாக்லேட் நிறத் தலை, கனத்த சிவப்பு அலகு. பொந்துக்குக் கீழே எச்சம் வெள்ளையாக வழிந்திருந்தது. கிட்டே போனால் அழுகல் வாடை அடித்தது.

பஞ்சுருட்டான்கள் மேலே மின்கம்பியில் இருந்தன. மெலிந்த பச்சைப் பறவை, வளைந்த அலகு, வாலின் நடுவே ஊசி போல் நீண்ட இறகு. பறக்கிற பூச்சியைப் பிடித்துக் கம்பியில் அடித்துத் தின்னும். இரண்டும் உறவுதான், இரண்டுமே மண்ணைக் குடைந்து குஞ்சு பொரிக்கும். ஆனால் மேற்குச் சுவரின் சின்னப் பொந்துகளில் எச்சமும் இல்லை, வாடையும் இல்லை.

எட்டு மணிக்கு மண் வெட்டும் மேஸ்திரி ஆட்களோடு வந்தார். குஞ்சு இருக்கிறது, வெட்டாதீர்கள் என்று கெஞ்சினேன்.

"லாரி வந்துகினு கீது சார். ரெண்டு பக்கமும் உட முடியாது. எதுல குஞ்சு கீதுன்னு நீயே சொல்லு, அத்த உட்டுர்றேன்."

"கிழக்குப் பக்கத்த விட்டுடுங்கண்ணே. மேற்குப் பக்கம் காலி," என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எட்டே முக்காலுக்கு மேற்குச் சுவரில் பாதி லாரியில் ஏறியிருந்தது. அப்போது ஒரு பஞ்சுருட்டான் அலகில் தும்பியோடு இறங்கி வந்தது. சுவர் இருந்த இடத்தில் படபடத்து நின்றது. கம்பிக்குப் போய் மறுபடியும் வந்தது. தும்பியை அது விழுங்கவே இல்லை.

மேஸ்திரி கை காட்டி வேலையை நிறுத்தினார். "இன்னா சார், காலின்னியே?" என்றார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இப்படிப் பார்க்கப் போகிறவர்கள் மார்ச் முதல் ஜூன் வரை, காலை ஏழு மணிக்குள் போங்கள். மீன்கொத்தியின் பொந்து பெரும்பாலும் தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். பஞ்சுருட்டான் விஷயத்தில் பொந்தை நம்பாதீர்கள், பறவையைக் கவனியுங்கள். இருபது அடி தள்ளி ஒரு மணி நேரமாவது அசையாமல் உட்காருங்கள். அன்று எனக்கும் முழுசாக ஒரு மணி நேரம் இருந்தது. மேற்குச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மீன்கொத்தியின் அழகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.